கை நனைத்த வீடு

சிறில் அன் சன்,
மீன் மொத்த வியாபாரம்,
உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.11.2024

மகன் றிக்சனுக்கு,

கலியாணத்தோடு உன் பெயரில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு, பெண் வீட்டாருடைய பெயரைப் போட்டுக்கொள்ள நீ சம்மதித்துவிட்டாய். அதை எனக்குச் சொல்லாமல் என்னை யப்பானுக்குக் கூப்பிட்டு, அவர்களுடைய சாப்பாட்டுக் கடையில் ஆறு நாள் இருத்தி மீன் தந்தாய். நடந்தது இதுதான். இனி இந்தக் கடிதத்தில் வரப்போவது என்னுடைய கோபம். வேலையை முடித்துவிட்டு, ஓர் இடத்தில் இருந்து வாசி.

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. இங்கே வாடை தொடங்கிவிட்டது. மழை விட்ட பாடில்லை. வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்குள் திரிகிற மான்கள் நனைந்துகொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நிற்கின்றன. வியாபாரம் மந்தம். அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

ரெலிபோனில் கதைக்கலாமே என்று அம்மா கேட்டாள். ரெலிபோனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் களைக்க வைத்துவிடுவாய். அது என்னிடம் படித்த வித்தை. வாங்க வந்தவன் சத்தம் போட்டால் ஓம் என்று சொல்லிக்கொண்டு நில், அவன் களைத்துப்போய்ச் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போவான் என்று உனக்குச் சொல்லித்தந்தவன் நான். அந்த வித்தையை என்னிலேயே காட்ட விடமாட்டேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்கிறேன். கோபம் வேறு, நியாயம் வேறு.

நாங்கள் ரயிலால் இறங்கின அன்று பின்னேரம் பெண்ணின் தகப்பன், அந்தக் கடைக்கார மனிசன், சூரை மீன் வெட்டினார். நாங்கள் இங்கே மாசிக்கும் கருவாட்டுக்கும் தள்ளிவிடுகிற அதே சூரை. வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சுவாலையில் தோல் மட்டும் கருக வாட்டி, விரல் மொத்தத்துக்கு வெட்டி, உப்பும் உள்ளியும் வைத்துத் தந்தார். உள்ளே பச்சை. பச்சை மீன் தின்னமாட்டேன் என்று பிளேன் ஏற முதலே உனக்குச் சொன்னனான். மரியாதைக்கு ஒரு துண்டு வாயில் போட்டேன். பிறகு பார்த்தால் தட்டில் ஒன்றும் இல்லை. சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கின நாளில் இருந்து சூரையோடு சீவிக்கிறேன். சூரைக்கு இப்படி ஒரு ருசி இருக்கிறதென்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பிடித்த வள்ளத்திலேயே இரத்தத்தை வடித்து, ஐஸ் தண்ணிக்குள் இறக்கி, அன்றைக்கே மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். வேறு மந்திரம் இல்லை. அதையும் வடிவாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறேன்.

அடுத்த நாள் தொட்டிக்குள் இருந்து பிடித்துக் கணவாய் வெட்டினார். நாங்கள் கணவாய் வெள்ளை என்று நினைக்கிறோம். அது செத்தால்தான் வெள்ளை. அங்கே கண்ணாடி மாதிரி, கீழே இருந்த தட்டின் பூ வேலைப்பாடு தெரிந்தது. அதற்கடுத்த நாள் பெண்ணின் அம்மா தானே கடலில் மூழ்கி எடுத்துவந்த சங்கைக் கரி நெருப்பில் அப்படியே வைத்தார். ஓட்டுக்குள்ளேயே தண்ணி கொதித்துக் கொதித்து, மணம் தெருவுக்குப் போனது. என்னுடைய வயதுக்காரி ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய் எனக்காகச் சங்கு பொறுக்கிவருகிறா என்றால் நான் என்ன சொல்ல ஏலும்? சிங்க இறால் தலையைப் போட்டு அவித்த சொதி மாதிரி ஒன்று வந்தது. அதைக் கோப்பையோடு தூக்கிக் குடித்தேன். நிலாவெளி ஹோட்டல்காரர் வெள்ளைக்காரருக்கு என்று சொல்லி எங்களிடம் வாங்குகிற சிங்க இறாலை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் போத்தலை அந்த மனிசன் வாங்கி மணந்து பார்த்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, இருமி, கண்ணால் தண்ணி ஓடச் சிரித்தார். அடுத்த நாள் போனால் அந்தப் போத்தலுக்கென்று ஒரு சின்னக் கரண்டி வாங்கி வைத்திருக்கிறார். நல்ல மனிசன். அதுதான் எனக்கு இன்னும் கோபம். கள்ளன் என்றால் ஒரு கதையோடு முடித்துவிடலாம்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் துறைமுகத்தில் காலையில் மீன் இறங்குகிற இடத்துக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். வள்ளத்தில் இருந்து ஒருத்தன் "சிரிரு சான்" என்று கூப்பிட்டான், அவர்களுடைய வாயில் சிறில் ஐயா அப்படித்தான் வரும். நான் திரும்பினேன். ஐஸ் தள்ளுகிற பொம்பிளை கூப்பிட்டா. நான் திரும்பினேன். எல்லாரும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு ஆளின் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதுதான் மரியாதை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? தகப்பன் பெயர்தான். பாஸ்போட்டில் அந்த இடத்தில் என் பெயரைப் போட்டாய். எட்டு வருசமாக அந்த ஊரில் உன்னை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டவே கஷ்டப்பட்ட ஒருத்தனுடைய பெயரை, கண் காணாத துறைமுகத்தில், விடியக் காலையில், முன்பின் தெரியாத சனம் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பாரை மீன் விலையை விசாரிக்கிற மாதிரி நின்றேன். ஆனால் அன்றைக்கு நான் நடந்த நடை வேறு.

அதற்குப் பிறகுதானே அந்தச் சாப்பாடு.

நீ மறந்திருக்க மாட்டாய். ஐந்தாம் நாள் மத்தியானம். என் வாயில் கணவாய். ஹமாகுச்சி என்ற அந்த மனிசன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து, பாயில் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்து ஏதோ சொன்னார். நத்சுமி, நீ பழக்கின தமிழில் எனக்குச் சொன்னாள்: "மாமா, அப்பா நன்றி சொல்றார். உங்கட ஒரே மகனுக்கு எங்கட பெயரைப் போட விட்டதுக்கு. அவருக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. கடை பலகையில இருக்கிற பெயர் இனி நிக்கும்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ தட்டைப் பார்த்தாய்.

நீ அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தாய் என்று அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கியது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அப்பா சம்மதம் என்று சொல்லி வைத்திருக்கிறாய். தலை நிலத்தில் முட்டி இருக்கிற ஒரு மனிசனிடம் உன் மருமகன் பொய் சொல்லியிருக்கிறான் என்று நான் சொல்லவா? கணவாயை விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். சந்தையில் முகத்தைக் காட்டினவன் விலையை விட்டான் என்று நாற்பது வருசமாகப் பழகினதால் அன்றைக்கு முகத்தைக் காட்டாமல் சாப்பிட்டு முடித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் "அப்பா, கோபமோ" என்று நீ கேட்டாய். சப்பாத்து கடிக்கிறது என்று சொன்னேன். சப்பாத்து கடிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடியுமுன் கை நனைக்கக் கூடாது என்று உனக்குத் தெரியாதா? உன் சின்ன மாமாவுக்குப் பெண் பார்க்க மூதூருக்குப் போனபோது, மத்தியானம் திரும்பும்வரை பசியோடு இருந்து, அவர்கள் தந்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் வந்தோம். ஏன் என்று நீ கேட்டாய். சோற்றில் கை வைத்தால் கதை சரிவந்தது என்று அர்த்தம், பிறகு இல்லை என்று எழும்ப ஏலாது என்று அன்றைக்கே சொன்னேன். கரையில் மீன்காரர் வாடியில் நான் மீன் எடுக்கப் போனால் விலை பேசி முடியும்வரை ஒரு பிளேன்ரீ குடித்ததை நீ கண்டிருக்கிறாயா? அந்தச் சிறிலைத்தான் நீ ஆறு நாள், மூன்று நேரமும், பேச்சு என்னவென்றே தெரியாமல் பெண் வீட்டில் சாப்பிட வைத்தாய். அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர்களில் பிழை இல்லை. உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பையை வைக்கவில்லை, அம்மா கேட்டாள், சாப்பாடு எப்படி என்று. மகன் எப்படி என்று கேட்கவில்லை. சாப்பாடு எப்படியாம். அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நீ அவளுக்கு எல்லாம் முன்னமே சொல்லியிருக்கிறாய். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் பிளேன் ஏறியிருக்க மாட்டீர்கள், அந்தச் சனத்தைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டீர்கள் என்றாள். நான் அவளுக்குச் சட்டம் பேசினேன். நான் முழுக்க அந்தக் குச்சியாலும் முள்ளுக்கரண்டியாலும்தான் சாப்பிட்டேன், என் கை நனையவே இல்லை, அதனால் இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். அவள் குசினிக்குள் இருந்து சொன்னாள், "குச்சியால சாப்பிட்டா வயித்துக்குத் தெரியாதோ?"

மகன் பெண் வீட்டோடு போய் இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். அதற்கு அவள் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலாகக் கேட்டாள், "நீங்கள் இருக்கிறது ஆருடைய வீடு?"

அவளுடைய சீதன வீடு. ஓம். இந்தப் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்குத்தான் போகிறான். அதை நான் மறுக்கவில்லை. நீ அவர்கள் வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு விட்டிருப்பேன். நான் வீட்டுக்குத்தான் போனேன் மகன், என் தகப்பன் பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போகவில்லை.

கிண்ணியாவில் இருந்து பக்கீர் நானா வந்தார். என்னோடு சேர்ந்து ஐஸ் எடுக்கிறவர், உனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "மீனக் குடுத்தே மீன்காரனப் புடிச்சிட்டானுகளே சிறில்." நிலாவெளி ஹோட்டல்காரரைப் பிடிக்கிறதற்கு நண்டுக்கறி போட்டு நான் செய்த வேலையை அந்தக் கடைக்காரன் எனக்குச் செய்திருக்கிறான், அவ்வளவுதான் என்கிறார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒன்று கேட்டார். அந்தக் கடைக்காரன் உன் மகனைக் கேட்டது காசுக்கா, சும்மா வேலைக்கா? இல்லை. தன்னுடைய பெயரைத் தூக்க ஆள் வேணும் என்று கேட்கிறான். உன்னுடைய பிள்ளையை அவ்வளவு பெறுமதியாகப் பார்த்த வேறு யாரையாவது எனக்குக் காட்டு என்றார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னேன்.

அடுத்த நாள் பெயின்ரரைக் கூப்பிட்டேன். கடைப் பலகையில் "அன் சன்" என்கிறதை அழித்துவிடு, "சிறில்" மட்டும் நிற்கட்டும் என்றேன். அவன் ஏணியையும் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்து, ஐயா, இந்த மழைக்குள் பெயின்ற் பிடிக்காது, தை பிறக்கட்டும் என்றான். சரி, ஏணியை எடுத்துக்கொண்டு போ என்றேன். அந்தப் பலகையை எழுதுவிக்கும்போது நீ பால் குடிக்கிற பிள்ளை. கடையில் அப்போது ஒரு றெஜிபோம் ஐஸ் பெட்டியும் ஒரு தராசும்தான் இருந்தது. பலகை மட்டும் பெரிசு. நீ அந்தக் கடையில் வந்து நிற்கமாட்டாய் என்று எனக்கு எப்போதோ தெரியும். நான் விசரன் இல்லை. பலகையில் நிற்பாய் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

"ஹமாகுச்சி றிக்சன்" என்று ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

ஒன்றை விளங்கிக்கொள். நீ என்னிடம் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கத்தியிருப்பேன். ஒரு மாதம் கதைத்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேணும். என் பெயரை எடுக்கிறதென்றால், அதற்கு மாட்டேன் என்று சொல்லுகிற உரிமையாவது எனக்கு இருக்கிறது. நீ என்னிடம் இருந்து எடுத்தது அதைத்தான்.

வியாழக்கிழமை காலை நான் நத்சுமியின் நம்பருக்கு வீடியோவில் எடுத்தேன். உனக்கு எடுக்கவில்லை. ஏன் என்று கேட்பாய். இந்த வியாபாரத்தில் நீ சரக்கு. சரக்கிடம் ஒருத்தரும் விலை கேட்கிறதில்லை. தகப்பனைக் கூப்பிடு என்றேன். அவர் கடைக்குள் இருந்து ஈரக் கையோடு வந்தார். நான் சொல்லச் சொல்ல அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அதில் அவள் உன்னைவிட ஆயிரம் மடங்கு திறம். என் மகன் என்னிடம் கேட்கவில்லை, நீங்கள் நன்றி சொன்ன நேரம்தான் எனக்கே தெரியும் என்று சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். பேச்சு முடிய முதல் சாப்பிடுகிறதில்லை, தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன், சாப்பாடு திறம், ஆனால் அது சம்மதம் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் நிற்பாட்டவில்லை.

அந்த மனிசன் கையை ஏப்ரனில் துடைத்தார். அவருக்குப் பின்னால் என் மிளகாய்த்தூள் போத்தல் தெரிந்தது, அரைவாசி முடிந்திருந்தது. பிறகு அவர் சொன்னதாக அவள் சொன்னது இதுதான். கேட்காமல் நன்றி சொன்னது தன்னுடைய பிழை. அந்த ஆறு நாளும் கடல் கடந்து வந்த ஒரு மீன் வியாபாரிக்கு இன்னொரு மீன் வியாபாரி போட்ட சாப்பாடு, அவ்வளவுதான். அதற்குக் கணக்கு இல்லை. இப்போது கேட்கிறேன் என்றார். கேட்டார். உன் மகனுக்கு என் பெயரைத் தர விடுவாயா என்று, நின்றபடியே, நேராகக் கேட்டார்.

இவ்வளவுதான் மகன். ஒரு வார்த்தை. இதைக் கேட்கத்தான் உனக்கு எட்டு வருசப் படிப்பும் வேலையும் போதாமல் போனது.

விடலாம், சும்மா விடமாட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். வியாபாரி என்றால் வியாபாரிக்கு விளங்கும். அரை மணித்தியாலம் பேசினோம். அம்மா முழங்கால் நோவோடு பக்கத்தில் வந்து நின்று நடுவுக்குள் பூந்து பூந்து விலை கூட்டினாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கிலோ மிளகாய்த்தூள் வருகிறது. அம்மா வறுத்து இடித்தது. உனக்கில்லை, அவருக்கு. உனக்கு அவள் ஏதோ தனியாகக் கட்டியிருக்கிறாள், என்னவென்று நான் கேட்கவில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காலையில் மீன் இறங்குகிற இடத்துக்கு அந்த மெல்லிய சட்டையோடு போகாதே. ஆண்டவர் உன்னையும் அந்தப் பிள்ளையையும் காப்பாராக. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தை பிறக்கப் பார்ப்போம். பெயின்ரருக்கு மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேசி முடித்த விலை இது. அந்த நாட்டுக் கடதாசிகளில் நீ ஹமாகுச்சி. இங்கே எங்கள் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது, சிறிலின் மகன் றிக்சன் என்று சனம் முழுக்கக் கேட்க வாசிக்க வேணும். அது முடியும்வரை அங்கே ஒரு கையெழுத்தும் வைக்கக் கூடாது. சித்திரையில் பாஸ்கா முடிந்து, கடல் படுத்த பிறகு, சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும் நத்சுமியோடு திருகோணமலைக்கு வருவார்கள். நிலாவெளிக் கரைவலையில் அன்று காலையில் ஏறின மீனைத்தான் நான் போடுவேன், ஐஸ் பெட்டி மீன் இல்லை. ஆறு நாள் போட்டவருக்கு ஏழு நாள் போடுவேன். எங்கள் வீட்டில் குச்சியும் இல்லை, கரண்டியும் இல்லை, எல்லாரும் கையால்தான். அதற்கும் ஓம் என்றார். முதல் பிள்ளை பெண் என்றால் அம்மாவின் பெயர் சீலா, அது அவள் கடைசியாகப் போட்ட விலை. ஆண் என்றால் சிறில். அந்தப் பெயர் ஹமாகுச்சியோடு பொருந்துமோ என்று நத்சுமி தகப்பனைக் கேட்டாள். எங்கள் ஊர்த் துறைமுகம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பழகிவிட்டது, நிற்பாட்ட வேண்டாம் என்றார்.

இப்படிக்கு,
அப்பா
சிறில்